வெளித்தாழ்ப்பாள்

வாங்க டீச்சர், வாங்க. செருப்போடயே வாங்க, உள்ளயும் மண்ணுதான். கட்டில்ல இருங்க. அந்தச் சேர் வேண்டாம், ஆளத் தள்ளி விட்டுரும்.

நீங்களே வருவியன்னு நான் நெனைக்கல. பெரிய டீச்சர் யாரையாவது அனுப்பி, ‘டீசிய வாங்கிட்டுப் போம்மா, உம் மகளக் கட்டி மேய்க்க எங்களால ஆகாது’ன்னு சொல்லுவாவன்னுதான் இருந்தேன். எட்டாங்கிளாஸ் டீச்சரே பஸ் ஏறி வந்து நிக்கிய. இந்த ஜூன்லதான புதுசா வந்திய? அதான். பழைய டீச்சர்மாருக்கெல்லாம் சந்தனமாரி பேரச் சொன்னாலே தலவலி வந்துரும்.

அவளப் பாக்கணுமா? பாக்கலாம். எங்க ஓடிறப் போறா. மொதல்ல காப்பி குடிங்க. கருப்பட்டிக் காப்பி, குடிப்பியல்லா? நீங்க வந்ததும் ஒருவகைக்கு நல்லதுதான். உங்களால ஒரு காரியம் ஆகணும். ஒரு லீவு லெட்டர் எழுதித் தரணும், நாப்பத்தெட்டு நாளைக்கு. என்ன சீக்குன்னு போடணுமோ நீங்களே போட்டுக்கிடுங்க, நான் கையெழுத்துப் போடுதேன். மஞ்சக்காமாலைன்னு போட்டா நம்புவாவளா?

இல்ல டீச்சர், காமாலையும் இல்ல, கழுதையும் இல்ல. ஒரு கோயிலுக்குக் கொண்டுபோயி விடப் போறோம். நாளைக்குக் காலையில வேன் வருது. மேக்க மலையடிவாரத்துல இருக்கு. இப்பிடிப்பட்ட புள்ளையள ஒரு மண்டலம் அங்கன விட்டா தெளிஞ்சிருமாம். ஆளுக்கு ஒரு ரூம், வெளிய விட மாட்டாவ. நேரா நேரத்துக்குச் சோறு, திருநீறு, தீர்த்தம் எல்லாம் உண்டு. பெத்தவிய மாசத்துல ஒருநாள் போயிப் பாத்துக்கிடலாம்.

உங்க மொகம் ஏன் இப்பிடிச் சுண்டிப் போச்சு? நான் சொல்லுதத முழுசாக் கேளுங்க. கேட்டுட்டுச் சொல்லுங்க, தப்பா சரியான்னு.

ஏழு மாசம் டீச்சர். மார்கழியில வெள்ளம் வந்துச்சு, இப்ப ஆடி. இந்த ஏழு மாசத்துல எம் மக எங்கிட்ட ஒத்த வார்த்த பேசல. வாய் போயிட்டுன்னு நெனைச்சிராதிய. அவ தம்பிகிட்ட பேசுதா. கன்னுக்குட்டிகிட்ட பேசுதா. அவிய அப்பா ‘சோறு வேணுமா’ன்னு கேட்டா ‘வேணும்’ங்கா. கொழாயடியில நிக்கிற பொம்பளையகிட்ட எல்லாம் சிரிக்கா, பேசுதா. எங்கிட்ட மட்டும் கெடையாது. நான் ஏதாவது கேட்டா என் மொகத்தப் பாப்பா. கண்ணக் கொட்டாமப் பாப்பா. அம்மான்னு ஒரு சொல்லு... பெத்தவளுக்கு அந்த ஒரு சொல்லு கூடவா கெடையாது? வேற ஒண்ணும் வேண்டாம் எனக்கு. அவ படிக்க வேண்டாம், வேல செய்ய வேண்டாம். அம்மான்னு ஒருக்கா கூப்பிட்டாப் போதும். அடுப்புக்கு முன்ன உக்காந்து அழுவேன், யாராவது வந்தா பொகைம்பேன்.

அது போகட்டும். அது வீட்டுக்குள்ள. அந்தத் தாழ்ப்பாள் விசயந்தான் எங்க மானத்த வாங்கிப்போட்டுச்சு.

பள்ளிக்கூடத்துல நடந்தது உங்களுக்குத் தெரியும். பொம்பளப் புள்ளைய கக்கூஸ் ஆறு, ஆறுலயும் தாழ்ப்பாளக் காணும். உங்களுக்கு ஆறு. எனக்கு? வெள்ளம் வடிஞ்சு, முகாம்ல இருந்து வந்து, சகதியெல்லாம் அள்ளிப் போட்டு ஒரு வாரம் கூட ஆகல. பொழுதடைய கதவச் சாத்தப் போறேன், தாழ்ப்பாள் இருந்த எடத்துல நாலு ஓட்டைதான் இருக்கு. அவிய அப்பா பம்புசெட்டு வேலைக்கு வச்சிருந்த திருப்புளிய எடுத்து ஒவ்வொரு ஆணியாக் கழட்டியிருக்கா. வாசக்கதவு, அடுப்பங்கரைக் கதவு, குளிக்கிற எடத்துக் கதவு. ‘ஏட்டி, ஏன் கழட்டுன?’ பேச்சு இல்ல. ரெண்டு அடி போட்டேன். அழவும் இல்ல. புதுசு வாங்கி மாட்டினோம், மறுநாளு அதுவும் போச்சு.

சரி, நம்ம வீட்டோட நிக்கட்டும்னு பாத்தா, பக்கத்து வீட்டு மாடத்தியக்கா வந்து நிக்கா. ‘வேலம்மா, உம் மக எங்க கோழிக்கூட்டுக் கதவப் பிச்சுப் போட்டுட்டா, பன்னெண்டு குஞ்சயும் கீரி கொண்டு போயிட்டு’ங்கா. அடுத்த வாரம் ஆட்டுக்காரரு வாராரு. அவரு ஆடு அம்புட்டும் தொழுவத்த விட்டு எறங்கி, ஒருத்தர் உளுந்த மொட்டையடிச்சிட்டு. பொறவு அம்மன் கோயில்ல பானை சட்டி வைக்கிற ரூம். பூசாரி நல்ல மனுசன், ‘சின்னப் புள்ளதான’ன்னு விட்டுட்டாரு. ஊரு விடுமா? இந்தத் தெருவுல எந்தத் தாழ்ப்பாள் ஆடினாலும் மொதல்ல எங்க வாசல்ல வந்துதான் ஏசுதாவ. துருப்பிடிச்சுத் தானா விழுந்ததுக்கும் எம் மகதான் பொறுப்பு.

களவாணிப் புள்ளயும் இல்ல அவ. ஒண்ண வித்ததில்ல. எல்லாத்தையும் கொண்டுபோயி வாழைத்தோப்பு வாய்க்கால்ல போட்டுருக்கா.

சிரிக்கியளா? நானும் மொதல்ல சிரிச்சவதான்.

வெள்ளத்துக்கு முந்தி அவ எப்பிடி இருந்தா தெரியுமா? ‘உக்காரு’ன்னா உக்காருவா, ‘எந்திரி’ன்னாத்தான் எந்திரிப்பா. எங்க மைனி, எங்க வீட்டுக்காரவிய அக்கா, வாயத் தொறந்தா ஒருத்தரயும் நல்லதாச் சொல்ல மாட்டாவ. அவியளே சொல்லுவாவ, ‘வேலம்மா, நீ புள்ள வளத்துருக்கியே, அதுதான் வளப்பு’ன்னு. பெருமையா இருக்கும். நான் அப்பிடி வளத்தேன் டீச்சர். கண்ணால ஒரு பார்வ பாத்தாப் போதும், அப்பிடியே நிப்பா.

கார்த்திகை கடைசியிலதான் சமைஞ்சா. எங்க பக்கத்துல பதினாறு நாள் உள்ள வைக்கணும். பதினாறாம் நாள் தாய்மாமன் சீரோட வந்து, தலைக்குத் தண்ணி விட்டு, அதுக்குப் பொறவுதான் ஆம்பளைய கண்ணுல படணும். அதுவரைக்கும் தனி ரூம், தனித் தட்டு, தனிப் பாய். நிலையில வேப்பங்கொழையச் சொருகி, வாசல்ல ஒலக்கையக் குறுக்கப் போட்டு வைப்போம். எனக்கும் இப்பிடித்தான் வச்சாவ, எங்க மைனிக்கும் இப்பிடித்தான். செத்தா போயிட்டோம்?

புறவாசல்ல உரமூடை வைக்கிற ரூம் இருக்கு. மூடையெல்லாம் ஒரு பக்கமாத் தள்ளி, கழுவி விட்டு, அங்கன வச்சோம். மூணாம் நாளு கன்னுக்குட்டி கத்துதுன்னு வெளிய ஓடி வந்துட்டா, கூறுகெட்ட புள்ள. பால்காரர் பாத்துட்டாரு. மைனி விடுவாவளா? ‘தாய்மாமன் பாக்குததுக்கு முந்தி பால்காரன் பாத்துட்டான், வெளங்கிரும்’னு ஒரு நாள் பூரா ஏச்சு. அதனால வெளித்தாழ்ப்பாளப் போட்டேன். வேற எதுக்கும் இல்ல. மறுபடியும் ஓடி வந்துருவாளோன்னுதான். ஆனா ஒரு கொறை வைக்கல டீச்சர். உளுந்தங்களி என்ன, நல்லெண்ணெ என்ன, நாட்டுக்கோழி முட்டை என்ன. நேரத்துக்கு நேரம் நானே தொறந்து, நானே குடுத்து, நானே கூட இருந்து. எந்தத் தாய் அப்பிடிப் பாப்பா?

ஒம்பதாம் நாளு வெள்ளம்.

எங்க வீட்டுக்காரவிய முந்தின நாளே வாழைத்தார் லோடோட போனவிய, பாலம் முங்கி அங்கிட்டு மாட்டிக்கிட்டாவ. வீட்டுல நானும் சின்னவனும் இவளுந்தான். அவனுக்கு நாலு வயசு. காலையில பத்து மணி இருக்கும், தெருவே ஆறாட்டம் ஓடுது. வாசப்படியில தண்ணி ஏறிட்டு. நானும் அவனும் வாசல்ல நிக்கோம். கடற்கரை ஊர்ல இருந்து மீன்பிடிக்கிற பையங்க போட் கொண்டாந்து ஆளுகள ஏத்துதாவ. எங்க வாசல்லயும் வந்து நிப்பாட்டினாவ. ஏறிட்டோம்.

அவ புறவாசல் ரூம்ல இருந்தா. அது ரெண்டு படி ஒசரம், உள்ள தண்ணி ஏறல. பள்ளிக்கூட மாடியில எங்கள எறக்கி விட்டுட்டு போட் திரும்ப வரும்லா, அப்ப மைனியக் கூட்டிட்டு வந்து, பொம்பளைய மட்டுமா வந்து, போர்வையப் போத்தி அவளக் கூட்டிட்டுப் போயிரலாம்னு கணக்குப் போட்டேன். அரைமணி நேரக் காரியம். மாடியில எறங்கி மைனியத் தேடிப் பிடிக்கேன், அங்கிட்டு பெரியகுளம் ஒடஞ்சிட்டுன்னு சத்தம். அதுக்குப் பொறவு போட்டும் போகல, ஆளும் போகல. நான் மாடிச் சுவத்தப் பிடிச்சுக்கிட்டுக் கத்துன கத்து அந்தச் சுவத்துக்குத்தான் தெரியும். நாலு பொம்பளைய என்னப் பிடிச்சுக்கிட்டாவ, இல்லன்னா குதிச்சிருப்பேன்.

சாயங்காலம் அஞ்சு மணிக்கு எங்க வீட்டுக்காரவிய வாழமரத்த வெட்டிக் கட்டி, மெதவையாக்கி வந்து சேந்தாவ. அவியதான் தாழ்ப்பாளத் தொறந்தது. இவ மூடைக்கு மேல ஏறி, ஓட்டுக்குக் கீழ இருக்கிற கட்டையப் பிடிச்சுக்கிட்டு நின்னுருக்கா. தண்ணி கழுத்துக்கு. ரெண்டு கையிலயும் நகம் பேந்திருந்துச்சு. வேற ஒரு காயம் கெடையாது டீச்சர், பாத்துக்கிடுங்க. ஒரு சளி, காய்ச்சல் கூடக் கெடையாது. இதே ஊர்ல புள்ளயப் பறிகுடுத்துட்டு நிக்கிறவளும் இருக்கா. நாங்க குடுத்து வச்சவிய. சாமி காப்பாத்திக் குடுத்துருக்கு. அப்பிடி இருக்கும்போது இவளுக்கு என்ன கேடுங்கேன்?

பயந்துருக்காம்பாவ. பயமா? பயந்த புள்ள தண்ணியக் கண்டா ஓடணும்லா? இவ வாய்க்கால்ல எறங்கி நிக்கா, பம்புசெட்டுல குளிக்கா. தண்ணிய ஒண்ணும் சொல்ல மாட்டா. தாழ்ப்பாளக் கண்டாத்தான் ஆகாது. இது என்ன பயம்? எங்கயாவது கேள்விப்பட்டிருக்கியளா?

வைத்தியத்துக்கும் கொறை வைக்கல. பயந்த கோளாறுக்கு இரும்பக் காய வச்சுத் தண்ணியில முக்கி அந்தத் தண்ணியக் குடிக்கக் குடுப்போம், அது குடுத்தேன். கொஞ்சம் பெரிய இரும்பாப் போட்டா சீக்கிரம் கேக்கும்னு மம்பட்டியவே காய வச்சேன். சுடலை கோயில் சாமியாடிகிட்ட திருநீறு. பள்ளிவாசல்ல ஓதுன தண்ணி. நீர்க்காத்து பட்டுருக்குன்னு ஒருத்தர், கன்னி பிடிச்சிருக்குன்னு ஒருத்தர். எல்லாரும் சொன்னதச் செஞ்சேன்.

முகாமுக்கு வெளியூர்ல இருந்து ரெண்டு பொம்பளப் புள்ளைய வந்தாவ. பேண்ட் போட்ட புள்ளைய. சின்னப் புள்ளையளக் கூட்டி வச்சு பாட்டு, வெளையாட்டு. தாய்மாருக்கு ஒரு பேப்பர் குடுத்தாவ. ‘புள்ளகிட்ட அன்னைக்கு என்ன நடந்துச்சுன்னு பேசுங்க, அதுவாச் சொன்னா குறுக்க பேசாமக் கேளுங்க, நீங்க பயந்ததயும் சொல்லுங்க, தப்பு நடந்திருந்தா மன்னிப்புக் கேளுங்க’ன்னு அதுல போட்டிருக்கு. எனக்குச் சிரிப்பா வந்துச்சு. என்ன நடந்துச்சு, ஒண்ணும் நடக்கல. பெத்த புள்ளகிட்ட எவளாவது மன்னிப்புக் கேப்பாளா? ஊருக்கு வந்த வெள்ளத்துக்கு நானா பொறுப்பு? அந்தப் பேப்பர அரிசிப் பானைக்கு மூடியாப் போட்டு வச்சேன். ஒரு நாள் இவ அத எடுத்துப் படிச்சிட்டு இருந்தா. ரொம்ப நேரம் படிச்சா. பொறவு மடிச்சு அதே எடத்துல வச்சிட்டா.

தையில சடங்கு வச்சோம். நிப்பாட்ட முடியுமா? எந் தம்பி கடல் கடந்து வந்தவன், அக்கா மகளுக்குச் சீர் செய்யணும்னு ஆசையா வந்துருக்கான். பட்டு என்ன, வளையல் என்ன. இவ மணையில பொம்ம மாதிரிதான் இருந்தா, எனக்கு உசிரே வந்துச்சு. சீல மாத்தணும்னு உள்ள கூட்டிட்டுப் போனாவ. கதவச் சாத்தினாவ, அம்புட்டுதான். ஒரு கத்து கத்தினா பாருங்க, பந்தியில இருந்தவன் எலையில வச்ச கைய எடுத்துட்டான். எந் தம்பி பொண்டாட்டி எல்லாருக்கும் கேக்கச் சொன்னா, ‘கோட்டி புடிச்ச புள்ளய எங்க தலையில கட்டவா இம்புட்டு அவசரப்பட்டிய’ன்னு. சீர்த்தட்டோட நின்னேன் டீச்சர், அப்பிடியே நின்னேன். 

இப்பப் போன செவ்வாக்கெழமை நடந்ததுதான் எல்லாத்துக்கும் மேல. மேலத்தெருவுல ஒரு புள்ள, பொன்னுத்தாயின்னு, உங்க பள்ளிக்கூடந்தான், ஏழாங்கிளாஸ். அது சமைஞ்சு உள்ள இருக்கு. ஆறாம் நாளு. அந்த வீட்டுல எல்லாரும் வயலுக்குப் போயிருக்காவ. இந்த மூதி திருப்புளிய எடுத்துட்டுப் போயி, அந்த ரூம் தாழ்ப்பாளக் கழட்டி, அந்தப் புள்ள கையப் பிடிச்சு நட்டநடுத் தெரு வழியாக் கூட்டிட்டுப் போயிட்டா. எங்க? கோயில் மேட்டுக்கு. இந்த ஊர்லயே ஒசந்த எடம் அதுதான், வெள்ளத்துல அது மட்டுந்தான் முங்கல. நல்ல வெயிலு, வானத்துல ஒரு பொட்டு மேகம் கெடையாது. அந்தப் புள்ளய மேல உக்கார வச்சிட்டு, இவ கீழ படியில கையில திருப்புளியோட நிக்காளாம், காவலுக்கு. ஆளுக போயிக் கூப்பிட்டா, ‘அவ அம்மா வரட்டும், வந்து பேரச் சொல்லிக் கூப்பிடட்டும், அப்பத்தான் விடுவேன்’னாளாம்.

கேட்டியளா கதைய? பொன்னுத்தாயி வீட்டுல இருந்து பத்துப் பேரு கம்போட வந்துட்டாவ. எங்க வீட்டுக்காரவிய அவிய கால்ல விழுந்தாவ. ஒரு மனுசன் இன்னொரு மனுசன் கால்ல விழுததப் பாக்க முடியாது டீச்சர், அதுவும் நம்ம வீட்டு மனுசன. அன்னைக்கு ராவே முடிவு பண்ணியாச்சு, கோயில்ல விட்டுருததுன்னு. வேன் கெடைக்கிற வரைக்கும் உள்ள போட்டுப் பூட்டச் சொல்லிட்டாவ.

எங்கன பூட்டுதது? வீட்டுல ஒரு கதவுக்குத் தாழ்ப்பாள் உண்டா? புறவாசல் ரூம் ஒண்ணுதான். ஊரெல்லாம் கழட்டினாளே, அந்த ரூம் தாழ்ப்பாள மட்டும் அவ தொடல. அந்தப் பக்கமே போக மாட்டா, கன்னுக்குட்டிக்கு வைக்கோல் எடுக்கணும்னாக்கூட சுத்திக்கிட்டுத்தான் போவா. ஒருவகைக்கு நமக்கு வசதியாப் போச்சு. அங்கனதான் வச்சுப் பூட்டியிருக்கேன். அஞ்சு நாளாச்சு.

மொத ரெண்டு நாளு அடி அடின்னு கதவ அடிச்சா. நான் ரேடியோவச் சத்தமா வச்சேன். மூணாம் நாளு கொறஞ்சிட்டு. நேத்துல இருந்து சத்தமே கெடையாது. சோத்த வச்சா வச்ச எடத்துல இருக்கு, ஆனா அமைதியா இருக்கா. மூடைக்கு மேல ஏறி உக்காந்துக்கிட்டு கூரையவே பாத்துட்டு இருக்கா. நீங்களே பாருங்க, கேக்குதா ஏதாவது? இப்பிடி ஒரு வீட்டுல ஒரு புள்ள இருக்குன்னு சொல்ல முடியுமா? அடங்கிட்டா டீச்சர். பழைய சந்தனம் மாதிரியே ஆயிட்டா. அப்பமே இதச் செஞ்சிருக்கணும்.

எந்திரிச்சிட்டிய? காப்பி அப்பிடியே இருக்கு.

டீச்சர், அங்கிட்டுப் போகாதிய. நில்லுங்க. இருங்க, நானும் வாரேன். படி ஒடஞ்சிருக்கு, பாத்து. கதவத் தட்டாதிய, தட்டினா மறுபடியும் ஆரம்பிச்சிருவா. வாயால வேணா கூப்பிட்டுப் பாருங்க. உங்ககிட்ட பேசுவா. எல்லார்கிட்டயும் பேசுவா, என்னத் தவிர.

என்ன சொன்னா?

‘உள்ள யாரு இருக்கா’ன்னு வெளையாட்டாத்தான கேட்டிய, அதுக்கு என்ன சொன்னா? எனக்குச் சரியாக் கேக்கல. இன்னொரு தரம் கேளுங்க.

‘உள்ள யாரும் இல்ல தம்பி’ன்னா?

தம்பின்னா சொன்னா? உங்களயா? நல்லாக் கேட்டியளா டீச்சர், தம்பின்னா சொன்னா?

இல்ல டீச்சர். அவ தம்பியச் சொல்லல. வேற யாரயும் சொல்லல. நான் இப்பிடி இந்தப் படியில உக்காந்துக்கிடுதேன்.

அது நான் சொன்னது டீச்சர்.

போட் வந்துச்சுன்னு சொன்னேம்லா. வாசல்ல நிப்பாட்டினாவன்னு சொன்னேம்லா. அதுல ஒரு பையன், இருவது வயசு இருக்கும், என் கையப் பிடிச்சு ஏத்தம்போது கேட்டான். ‘யக்கா, உள்ள வேற யாரும் உண்டுமா?’ன்னான். போட் பூரா ஆம்பளைய. ஒம்பதாம் நாளு. தலையும் விரிச்சு, தொப்பு தொப்புன்னு நனைஞ்சு அவள அம்புட்டுப் பேருக்கு முன்ன எப்பிடிக் கூட்டிட்டு வருவேன்? நாளைக்கு மைனி கேப்பாவ, எந் தம்பி கேப்பான், ஊரு கேக்கும். இம்புட்டயும் ஒரு நிமிசத்துல நெனச்சேன். ‘உள்ள யாரும் இல்ல தம்பி’ன்னேன்.

அந்தப் பையன் நல்லவன் டீச்சர். மறுபடியும் கேட்டான், ‘நல்லா யோசிச்சுச் சொல்லுங்கக்கா, வயசானவிய யாரும் உண்டுமா’ன்னு. இல்லன்னேன். சின்னவன், ‘அக்கா, அக்கா’ன்னு அழுதான். நான் அவன் வாயப் பொத்தினேன்.

இத நான் ஒருத்தர்கிட்டயும் சொல்லல. எங்க வீட்டுக்காரவியளுக்கும் தெரியாது. மழையில அவளுக்குக் கேட்டிருக்காதுன்னு இருந்தேன். ஏழு மாசமா இத ஒண்ணத்தான் எனக்கு நானே சொல்லிக்கிட்டு இருக்கேன், கேட்டிருக்காது, கேட்டிருக்காதுன்னு.

தட்டினாளான்னா கேக்கிய? தட்டினா. போட்டத் திருப்பம்போது புறவாசல்ல இருந்து தட்டுத சத்தம் வந்துச்சு. நான் மழைன்னு நெனச்சேன்.

இல்ல. மழைன்னு நெனைக்கல டீச்சர். தெரிஞ்சுது.

சாவி இந்தா இடுப்புலதான் இருக்கு. பிடிங்க, நீங்க தொறங்க. இல்ல, வேண்டாம், குடுங்க, நான் தொறக்கணும். நான்தான் போட்டேன். இந்தப் பூட்டு ஏன் இப்பிடி... மாடத்தியக்கா! ஏ, மாடத்தியக்கா! வெளிய வாங்க எல்லாரும், வந்து கேளுங்க. ஆள் இருக்கு! உள்ள ஆள் இருக்கு! போட்டத் திருப்புங்கய்யா, எம் மக உள்ள இருக்கா, சந்தனமாரி இருக்கா, நான் பொய் சொல்லிட்டேன், உள்ள எம் மக இருக்கா!

சந்தனம்... ஏட்டி சந்தனம்... அம்மா சொல்லுதது கேக்குதாட்டி?